நான் உரத்து வாசித்த கடிதம்

எனக்கு வந்த ஒரேயொரு காதல் கடிதத்தை நாற்பது பேருக்கு முன்னால் உரத்து வாசித்தவன் நான். அப்படி வாசித்ததால் அதை எழுதியவளைக் கொண்டுபோனார்கள். இந்தக் கதையைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், என் மனைவி உட்பட. சொன்னபோதெல்லாம் ஒரு இடத்தை மட்டும் மாற்றித்தான் சொன்னேன். இந்த முறை மாற்றாமல் எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பண்டத்தரிப்புக்குக் கிட்ட ஒரு சுருட்டுக் கொட்டிலில் வாசிப்பதுதான் என் தொழில். இன்றைக்குச் சொன்னால் இதுவும் ஒரு தொழிலா என்று சிரிப்பார்கள். சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்குக் கையும் கண்ணும் புகையிலையில் இருக்கும். காது மட்டும் சும்மா கிடக்கும். அந்தக் காதுக்கு வேலை கொடுக்க ஒரு ஆளை வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துக் கொட்டில்களில் பழைய வழக்கம். முதலாளி எனக்குச் சம்பளம் தருவதில்லை. சுற்றுகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்கில் கொஞ்சம் எனக்காகச் சுற்றிப் போடுவார்கள். ஆகவே எனக்கு நாற்பது முதலாளிகள். நாற்பது பேருக்கும் என்னைக் கேலி செய்ய உரிமை இருந்தது.

அதிலே முன்வரிசையில் இருந்த ஒரு அண்ணை பொல்லாதவர். கொட்டிலில் ஆகக் கூடுதலாகச் சுற்றுகிறவர் அவர்தான், தொழிலாளர்களுக்காக முதலாளியிடம் கதைக்கப் போகிறவரும் அவர்தான். காலையில் நான் போய் உயரமான வாங்கில் ஏறி இருந்ததும் தொடங்குவார்.

"தம்பி வந்திட்டார். கைக்கு ஓய்வு, வாய்க்குக் கூலி. குடுத்து வைச்ச பிறவி."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். வகுப்பில் முதலாவதாக வந்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல், புகையிலைத் தூசிக்குள் இருந்து பேப்பர் வாசிக்கிற ஒருவனுக்கு எரியாமல் என்ன செய்யும்? ஒரு நாளைக்காவது இந்த ஆட்கள் என்னை ஒரு ஆளாகப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பின்னால் நடந்ததற்கு இது வேண்டும்.

வாசிப்புக்கு ஒரு சட்டம் இருந்தது. கையில் எடுத்த கடதாசியைத் தலையிலிருந்து கால்வரை வாசித்து முடிக்கவேண்டும். பிடித்ததை வாசித்துப் பிடிக்காததை விழுங்க எனக்கு உரிமையில்லை. எனக்கு முன்பிருந்தவர் தன் கட்சிக்குப் பிடிக்காத செய்திகளை விழுங்கியதாகவும், அதற்காகவே அவரை இறக்கிவிட்டதாகவும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் விழுங்குவதற்கும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையில் கடதாசியும் அடக்கம். யாழ்ப்பாணத்துப் பேப்பர்கள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. அதை முடித்தபின் பழைய நாவல்கள், நோட்டீஸ், மகஜர், யாராவது கொண்டுவந்து தருகிற எதையும் வாசிப்பேன்.

சட்டத்துக்கு ஒரேயொரு விலக்கு உண்டு. பேப்பரில் செத்தவர்களின் பெயர் வரும். அது கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவருடைய பிள்ளையாகவும் இருக்கலாம். அதனால் வாய் ஒரு வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கண் அடுத்த வரியில் நிற்கவேண்டும். இதைப் பழகத்தான் எனக்கு ஒரு வருடம் எடுத்தது. ஒருமுறை அராலிப் பக்கத்தில் விழுந்த செல் குண்டில் செத்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு போகையில், மூன்றாம் வரிசைக்காரர் ஒருவருடைய தம்பியின் பெயரைக் கண் முதலே கண்டுவிட்டது. நிறுத்தினேன். வாங்கிலிருந்து இறங்கிப் போய் அவருடைய தோளில் கையை வைத்தேன். கொட்டிலே எழும்பிவிட்டது. அன்றைக்கு முன்வரிசை அண்ணைகூட என்னைக் கேலி செய்யவில்லை.

கொட்டிலுக்குப் பின்னால் கூரை இறக்கிய ஒரு பத்தி, நடுவில் கிடுகுத் தட்டி. பத்தியில் பெண்கள் இருந்து புகையிலையின் நடு நரம்பைக் கிழித்து எடுப்பார்கள். நான் வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கமிருந்து சர்க் சர்க்கென்று ஒரு சத்தம் வந்துகொண்டேயிருக்கும். அவள் அங்கேதான் இருந்தாள். குருநகர்க் கரையில் பிறந்தவள். கடற்படை அடித்த அடியில் குடும்பத்தோடு எழும்பி வந்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த அகதி முகாமில் ஒரு வகுப்பறையின் கால்வாசியில் இருந்தார்கள். தகப்பனுக்குக் கடல் இல்லை, வலை மட்டும் மிஞ்சியிருந்தது. முகாமில் தண்ணீர் வாளிகளுக்குப் பின்னால் அதைக் கட்டி வைத்துவிட்டுப் பகல் முழுக்க அதற்குப் பக்கத்தில் குந்தியிருப்பார்.

அவளுடைய அண்ணன் ஒருவன் கடலில் செத்தான், இன்னொருவன் காட்டில் செத்தான். ஒருவனைக் கடற்படை கொன்றது, மற்றவனை இயக்கத்துப் பொடியள் சண்டைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு பக்கத்திலும் பயம் விட்டுப்போயிற்று. இரண்டு பகுதியும் சண்டையை நிறுத்தவேண்டும், கடலையும் பாதையையும் திறக்கவேண்டும் என்று ஒரு மகஜர் எழுதி, வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கினாள். இராணுவத்தைக் கேட்பதில் யாருக்கும் மறுப்பில்லை. 'இரண்டு பகுதியும்' என்பதுதான் ஆபத்து. அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அவள் மாட்டேன் என்றாள்.

மகஜரைத் திருத்தித் தரச்சொல்லி மத்தியானச் சாப்பாட்டு நேரம் கிணற்றடிக்கு வந்தாள். அப்படித்தான் எங்களுக்குள் கதை தொடங்கியது. முகாமில் பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டவேண்டும், நாக்குத் தடுமாறுகிறது, நீங்கள் மட்டும் எப்படித் தடுமாறாமல் வாசிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"கண்ணை ஒரு வரி முன்னுக்கு விடும்," என்றேன். "வாய் பின்னாலை வரும். வாய் ஒருநாளும் கண்ணை முந்தாது."

அவள் அதைப் பத்துத் தரம் பழகிப் பார்த்தாள். எனக்கு அந்தப் பத்துத் தரமும் போதவில்லை. எனக்கு அவளில் விருப்பம், அவளுக்கும் என்னில் விருப்பம், இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. திறந்தாலும் என்ன? என்னுடையது தோட்டம் செய்கிற சைவக் குடும்பம். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் செம்பைக் கவிழ்த்துக் கழுவி வைக்கிற தாய் எனக்கு.

அந்த வருடம்தான் முதலாளி கூலியை வெட்டினார். சுருட்டு தெற்குக்குப் போகவில்லை, கிளாலிக் கடலைக் கடந்து ஆள் போய்வருவதே பெரிய பாடு, நான் எங்கே போக என்று கையை விரித்தார். அது உண்மை. ஆனால் அவர் அதோடு நிற்காமல் இலையை முகாமுக்கு அனுப்பிப் பாதிக் கூலிக்குச் சுற்றுவித்தார். கொட்டிலில் இருந்தவர்களுக்கு முதலாளியில் வந்த கோபத்தைவிட அகதிகளில் வந்த கோபம் கூட. அவள்தான் முகாமில் ஒவ்வொரு குடும்பமாகக் கதைத்து, இனி இலை வாங்குவதில்லை என்று எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தாள். பட்டினி கிடந்தவர்களை அப்படி ஒப்புக்கொள்ள வைக்க எனக்கெல்லாம் நாக்கு வராது. அந்த உறுதி கிடைத்த பிறகே திங்கட்கிழமை வேலைநிறுத்தம் என்று முடிவானது. போர்க்காலத்தில் வேலைநிறுத்தம் செய்வது துரோகம் என்று பொடியளின் பொறுப்பாளர் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். முன்வரிசை அண்ணை அதற்கு, "வயித்துக்கும் இயக்கம் இருக்கெண்டு சொல்லுங்கோ" என்று மெல்லமாகச் சொன்னார், மிக மெல்லமாக.

இனிச் சனிக்கிழமை. காலையில் என் வாங்கில் வழக்கம்போலப் பேப்பர் மடித்து வைத்திருந்தது. அதற்குள் அவளுடைய கையெழுத்தில் ஒரு தாள். மகஜரின் புதிய பிரதிகளை அவள் அப்படித்தான் வைப்பாள், நானும் தனியாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாசிப்பேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. பேப்பரை முடித்துவிட்டு அதை எடுத்தேன்.

"மதிப்புக்குரிய ஐயா, கீழே கையொப்பமிடும் நான் இக்கொட்டிலில் இலை கிழிக்கும் தொழிலாளி. கடந்த பதினொரு மாதங்களாகத் தட்டிக்கு இப்பாலிருந்து தங்கள் குரலைக் கேட்டு வருகிறேன். இதனால் எனது வேலைக்குப் பெரும் இடையூறு ஏற்பட்டுள்ளது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

கொட்டில் ஒரு கணம் யோசித்தது. பிறகு வெடித்தது. நாற்பது பேரும் சிரித்தார்கள். யாருடைய கண்ணிலாவது பட்டால் மகஜர் என்று நினைக்கட்டும் என்றுதான் அவள் இப்படி எழுதியிருக்கவேண்டும். மாதக்கணக்காக மகஜரே எழுதிய கைக்கு வேறு விதமாக எழுத வரவில்லையோ தெரியாது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. தாளை மடிக்கப் போனேன்.

"மடியாதை!" என்றார் முன்வரிசை அண்ணை. "எடுத்த கடதாசி முடிக்க வேணும். சட்டம் சட்டம்தான். வாசி மோனை."

"வாசி, வாசி," என்றார்கள் எல்லோரும்.

வாசித்தேன். செல்லடிக்கும் நாட்களில் கீரிமலைப் பக்கத்துக் காணியைப் பார்க்கப் போகிறேன் என்று தாங்கள் சைக்கிளை எடுக்கக்கூடாது, இது முதலாவது கோரிக்கை. தங்கள் தாயார் வீட்டுக் கிணற்றில் என்னைத் தண்ணீர் அள்ள விடமாட்டார் என்பது நான் அறிந்ததே, ஆகவே நமக்கென்று தனியாக ஒரு கிணறு வெட்டவேண்டும், மண் அள்ள நானும் வருவேன், இது இரண்டாவது. கடல் திறந்து அப்பா மீன் கொண்டுவரும்வரை கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது, எடுத்தபின் தள்ளிப்போடவும் கூடாது, இது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. முன்வரிசை அண்ணை சுருட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டினார். "கிணறு வெட்ட நானும் வாறன்ரா!" என்று யாரோ கத்தினார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. முதல்தரமாக அவர்கள் என்னை ஒரு ஆளாகப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

நான்காவதை வாசித்தேன்.

"நான்கு: இது விளையாட்டல்ல. பெண்களின் பெயர்களும் கையெழுத்துகளும் உள்ள கொப்பியை அப்பாவின் வலைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன். எனக்கு ஏதும் நடந்தால் அதை எடுத்து எரித்துவிடுங்கள். இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை. இந்த உலகத்தில் நான் முழுதாக நம்புவது உங்களை மட்டும்தான்."

அதற்குக் கீழே, மேற்படி கோரிக்கைகளுக்கு ஏழு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும் என்றிருந்தது. அதை வாசிக்கவில்லை. எல்லோரும் குனிந்து இலையைப் பார்த்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கத்தில் இலை கிழிக்கும் சத்தம் நின்றிருந்தது. பிறகு அவளுடைய செருப்புச் சத்தம் வேலிப் படலைப் பக்கம் போவது கேட்டது.

நான் பின்னால் போகவில்லை. சைக்கிள் என்னிடம் இருந்தது, முகாம் ஒன்றரைக் கட்டை தூரம், மிதித்தால் பத்து நிமிடம். அவள் நடந்து போனாள். எழும்பினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று இருந்தேன். எல்லோரும் எங்கள் ஆட்கள்தானே, யார் போய்ச் சொல்லப்போகிறான் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் முகாமுக்குப் போய்ச் சேருமுன் பொடியளின் இரண்டு சைக்கிள்கள் அங்கே போய்விட்டன. இதைப் பிறகு தகப்பன் சொல்லித்தான் அறிந்தேன். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்களாம். வலையை அவிழ்க்க நேரம் எடுக்கும் என்று கத்தியால் அறுத்தார்களாம். பள்ளிக்கூட முற்றம் நிறைய வலைத்துண்டு. கொப்பி கிடைத்தது. அவள் வந்ததும் "கொஞ்சம் கதைக்க வேணும், வாங்கோ தங்கச்சி" என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

வெற்றிலைக்கும் தண்ணீருக்கும் என்று அன்றைக்குப் பலர் வெளியே போய்வந்தார்கள். நாற்பது பேரில் யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. வருடக்கணக்காக ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதிலே எனக்கு ஒரு வசதி இருந்தது: அந்த ஒருவனைத் தேடும் நேரத்தில் என்னைத் தேடவேண்டியதில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். வேலைநிறுத்தம் என்ற சொல்லே ஒருவர் வாயிலும் வரவில்லை. முகாமுக்கு மறுபடியும் இலை போயிற்று. நானும் போய் வாங்கில் ஏறி இருந்தேன். முன்வரிசை அண்ணை தலை நிமிராமல், "வாசி" என்றார். பேப்பரை எடுத்து வாசித்தேன்.

கொப்பியில் பெயர் இருந்த பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சிலரை எச்சரித்து விட்டார்கள், சிலரைக் கிழமைக்கணக்கில் பங்கர் வெட்டக் கொண்டுபோனார்கள். ஊரில் பெண்கள் என்னைக் கண்டால் படலையைச் சாத்தினார்கள். ஒரு கிழவி மட்டும் சாத்தாமல் நின்று என் காலடியில் துப்பினார். அவருக்கு நான் இன்றும் நன்றியாக இருக்கிறேன்.

அவள் மூன்று மாதம் கழித்து வந்தாள். கொட்டிலுக்கு வரவில்லை, கிணற்றடியில் நின்று எனக்கு ஆள் அனுப்பினாள். போனேன். ஆள் பாதியாகியிருந்தாள். வாளியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க மண்வெட்டி பிடித்துக் காய்த்து, வெடித்து, மறுபடி காய்த்திருந்தது.

"நீர் எப்ப வந்தனீர்?" என்றேன்.

"முந்தநாள். நாளைக்குக் கிளாலியால போறம். அப்பாவுக்கு இனி இஞ்சை இருக்க ஏலாதாம்." பிறகு, "என்ரை கடிதத்தைத் தாங்கோ," என்றாள்.

கொடுத்தேன். மூன்று மாதமும் சட்டைப் பையிலேயே இருந்து வேர்வையில் எழுத்துக் கலைந்திருந்தது. என் பதிலையும் எடுத்து நீட்டினேன். அவளைக் கொண்டுபோன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இருந்து எழுதியது. மகஜர்போலவே தொடங்கி, நான்கு கோரிக்கைகளையும் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தேன். அப்போதும் நான் எழுத்து நடையில் கவனமாகத்தான் இருந்திருக்கிறேன்.

அவள் அதைத் தொடவில்லை. "உதை நீங்களே வைச்சிருங்கோ," என்றாள். "ஒண்டு மட்டும் கேக்க வேணும். ஏன் நிப்பாட்டேல்லை?"

"வாய் முந்திப்போட்டுது," என்றேன். "வாசிச்ச வேகத்தில... என்னெண்டு தெரியாமல்..."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வாய் ஒருநாளும் கண்ணை முந்தாது," என்றாள். "இந்த இடத்தில நிண்டுதான் சொன்னனீங்கள்."

வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு அவளைக் காணவில்லை. கிளாலியால் போய்ச் சேர்ந்தார்களா என்றும் தெரியாது. அந்தக் கிழமை அந்தக் கடலில் படகுகளுக்கு அடி விழுந்தது. பேப்பரில் வந்த பெயர்களைக் கண்ணால் மட்டும் வாசித்துப் பார்த்தேன், அவளுடைய பெயர் இல்லை. எல்லாப் பெயர்களும் பேப்பரில் வருவதுமில்லை.

அதற்குப் பிறகு சமாதானப் பேச்சு என்று வந்து, ஊரே ரோட்டில் இறங்கிக் கூத்தாடிய சில மாதங்களும் இருந்தன. அந்த நாட்களில் அவளுடைய கொப்பியை விரித்திருந்தால் ஆட்கள் வரிசையில் நின்று கையெழுத்து வைத்திருப்பார்கள். பிறகு அதுவும் முடிந்தது. தொண்ணூற்றைந்து ஐப்பசி மழையில் இராணுவம் நெருங்கிவர முழு யாழ்ப்பாணமும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நாவற்குழிப் பாலத்தில் முன்வரிசை அண்ணைக்குப் பக்கத்தில் அகப்பட்டேன். ஒரு இரவும் ஒரு பகலும் ஒரு கட்டை தூரம் நகர்ந்தோம். அவர் தலையில் ஒரு பெட்டி இருந்தது. நனைந்துகொண்டே கேட்டார்:

"தம்பி, அண்டைக்கு நான் வாசியெண்டு சொல்லாமல் விட்டிருந்தால் நீ நிப்பாட்டியிருப்பாய், என்ன?"

அந்த மனுசன் இரண்டு வருடமாக இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். இல்லை அண்ணை, உங்களில் பிழையில்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். "ஓம் அண்ணை," என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு நடந்தார். அடுத்த மாசி மாதம் கொடிகாமத்தில் காய்ச்சலில் செத்துப்போனார்.

நான் மாற்றிச் சொல்லிவந்த இடம் இதுதான். மூன்றாவது கோரிக்கையை வாய் முடிக்குமுன்னே என் கண் நான்காவதில் நின்றது. இது விளையாட்டல்ல என்பதைக் கண்டேன், கொப்பி, வலை, எல்லாவற்றையும் கண்டேன். நிறுத்த நேரம் இருந்தது. செத்தவனின் பெயருக்கு நிறுத்திய அதே வாய்தான். ஆனால் அந்தக் கோரிக்கையின் கடைசியில் அவள் முழுதாக நம்புவது என்னை மட்டும்தான் என்று எழுதியிருந்தது. அதை அந்த நாற்பது பேரும் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதற்காக மற்ற வரிகளையும் வாசித்தேன்.